என் சகலை, ஷாஃப்ட் டாக்டர்

என் சகலையை நேரில் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். மனசுக்குள் அவன் எப்போதும் 'அவன்'தான். இங்கே மனசில் இருப்பதை எழுதுகிறேன், அதனால் அவன் என்றே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் யாரும் என் மாமியாரிடம் போய்ப் போட்டுக்கொடுக்க வேண்டாம்.

அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். என்னைவிடப் பத்து வயது சின்னவன். தலையில் முடி இருக்கிறது, முட்டியில் வலி இல்லை. அவன்மேல் வயிறு எரிய எனக்கு இதுவே போதும். ஆனால் விஷயம் இதோடு நிற்கவில்லை.

இரண்டு பேரும் ஒரே படகுப் பட்டறையில் வேலை பார்த்தோம். பாய்மரப் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கிற இடம். பாய்மரப் படகு என்றாலும் காற்று விழுந்துவிட்டால் வீடு திரும்ப வேண்டுமே, அதற்காக ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு சின்ன டீசல் இன்ஜின் இருக்கும். இன்ஜினுக்குப் பின்னால் கியர் பெட்டி, அதற்குப் பின்னால், இரண்டு வட்டத் தகடுகளை முகத்தோடு முகம் சேர்த்து முடுக்கிய கப்ளிங். கப்ளிங்கிலிருந்து கிளம்பும் நீளமான இரும்புத் தண்டு படகின் அடியைத் தாண்டித் தண்ணீருக்குள் போகும். அதன் நுனியில் புரொப்பெல்லர் சுற்றும். அந்தத் தண்டுதான் ஷாஃப்ட். கப்ளிங்குக்கு இந்தப் பக்கம் எல்லாம் என் பொறுப்பு, அந்தப் பக்கம் எல்லாம் அவன் பொறுப்பு.

அவனைப் பட்டறைக்குக் கொண்டுவந்ததே நான்தான். கல்யாணமான புதிதில் ஒரு லேத் பட்டறையில் ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்தான். "சின்ன மாப்பிள்ளைக்கு உங்க இடத்துல ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று மாமியார் கேட்டார். சொன்னேன். என் வாயை நானே அன்று தைத்துக்கொண்டிருக்கலாம்.

வந்த கொஞ்ச நாளிலேயே பேர் வாங்கிவிட்டான். படகு அதிர்கிறது என்று யாராவது வந்தால் உடனே ஸ்பானரைத் தூக்க மாட்டான். வந்தவரை உட்காரவைத்து, நோயாளியிடம் கேட்பதுபோல் கேட்பான். "எல்லா வேகத்திலயும் நடுங்குதா, ஒரு வேகத்தில மட்டுமா? முன்னாடி போறப்பவா, பின்னாடி போறப்பவா? கயிறு, வலை எதிலயாவது மாட்டிச்சா?" பிறகு கீழே இறங்கி, ஷாஃப்ட்டை ஒட்டி ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்துக்கொண்டு, தண்டைக் கையால் மெல்லச் சுற்றுவான். சுற்று முழுக்கக் கோடு விழுந்தால் தண்டு நேராக இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் வளைந்திருக்கிறது. இவ்வளவுதான் வித்தை. இதற்குப் போய் ஊரே 'ஷாஃப்ட் டாக்டர்' என்றது. இருபது வருஷமாக இன்ஜினைப் பிரித்துப் பூட்டுகிற என்னை 'அந்த இன்ஜின்காரர்' என்றார்கள். எந்த இன்ஜின்காரர் என்று கேட்டால் 'டாக்டரோட சகலை' என்றார்கள்.

மாமியார் வீட்டில் இன்னும் மோசம். நான் போனால் "வாங்க மாப்பிள்ளை" என்று ஒரு குரல் வரும், கூடவே அடுப்படியிலிருந்து பாத்திரச் சத்தமும் வரும். அவன் போனால் மாமியாரே வாசலுக்கு வருவார். அந்த வீட்டு மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டபோது நான் மூன்று தடவை சரிசெய்தேன். நாலாவது தடவை அவன் ஏறி ஒரு திருகைத் திருகினான், சத்தம் நின்றுவிட்டது. இன்றுவரை அந்த விசிறியைப் போடும்போதெல்லாம் யாராவது அதை ஞாபகப்படுத்துகிறார்கள். அதனால் வெயில் காலத்தில்கூட எனக்கு விசிறி வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

இந்த நிலைமையில்தான் பட்டறை முதலாளியம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவர் நீட்டி முழக்குகிறவர் இல்லை.

"வேலை குறைஞ்சுபோச்சு. ரெண்டு பேரை வெச்சுக்க முடியாது. ஒருத்தர்தான் இருக்க முடியும், அவர்தான் மேஸ்திரி. என் படகே ரெண்டு மாசமா நடுங்குது. ஏன்னு யார் சரியா சொல்றீங்களோ அவர் இருக்கட்டும். இன்னொருத்தருக்கு வேற இடத்தில நானே சொல்லிவிடறேன்."

வேறு இடம் என்று அவர் லேசாகச் சொல்லிவிட்டார். அவனை எந்தப் பட்டறையும் தூக்கிவைத்துக்கொள்ளும். இன்ஜின் அறைக்குள் இறங்கினால் ஏறுவதற்குக் கைகொடுக்க ஆள் தேடுகிற என்னை எவன் எடுப்பான்? எனக்கு இந்த இடம் போனால் போனதுதான்.

படகில் ஏறிப் பார்த்தோம். பாதி வேகத்தைத் தாண்டினால் பலகையெல்லாம் உதறியது. நான் இன்ஜினைப் பார்த்தேன். இன்ஜின் நான்கு ரப்பர் மவுண்ட்கள்மேல் உட்கார்ந்திருக்கும். அதில் ஒன்றின்மேல் டீசல் சொட்டிச் சொட்டி ரப்பர் கொழகொழவென்று ஆகியிருந்தது. "மவுண்ட்" என்றேன். அவன் படகைக் கிரேனில் தூக்கச் சொல்லி, அடியில் போய் நின்று, புரொப்பெல்லரை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டினான். ஆடியது. "பின்னாடி பேரிங் தேஞ்சிருக்கு" என்றான்.

ஷாஃப்ட் வெளியே வருகிற இடத்தில் அதைத் தாங்கிப்பிடிக்கிற ரப்பர் பேரிங் அது. கழற்றியதும் என்னிடம்தான் முதலில் நீட்டினான். "பாருங்க சகலை." கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்க ரப்பர் பித்தளை தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. ஷாஃப்ட்டை நுழைத்துப் பார்த்தால் பெரிய விரலின் மோதிரம் சின்ன விரலில் கிடப்பதுபோல் தொளதொளத்தது. "ம்" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். முதலாளியம்மா அப்போது அங்கே இல்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.

புதிய பேரிங் போட்டுப் படகைத் தண்ணீரில் இறக்கினான். இறக்கின உடனே கப்ளிங்கை முடுக்க மாட்டான், அது அவன் கொள்கை. கரையில் முட்டுக்கொடுத்து நிற்கும்போது படகின் உடம்பு ஒரு மாதிரி இருக்கும், தண்ணீரில் மிதக்கும்போது வேறு மாதிரி இருக்கும். ஒரு நாள் மிதக்கவிட்டு, அது தன் நிலைக்கு வந்த பிறகுதான் கப்ளிங்கின் இரண்டு முகங்களுக்கும் நடுவே மெல்லிய தகட்டைவிட்டுச் சுற்றிலும் இடைவெளி ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்ப்பான். அப்படியே செய்தான். இன்ஜினைப் போட்டோம். பாதி வேகத்தில் பலகை உதறியது.

"அப்படியேதான் இருக்கு" என்றார் முதலாளியம்மா.

அப்படியே இல்லை. பாதியாகக் குறைந்திருந்தது. என் உள்ளங்காலுக்குத் தெரிந்தது. ஆனால் அவன் முகம் சுருங்கியதைப் பார்த்தபோது எனக்குள் ஏற்பட்ட குளிர்ச்சியை எந்த விசிறியும் இதுவரை கொடுத்ததில்லை.

"பாய் ஏத்திப் பார்ப்போம்மா. இன்ஜினை நிறுத்திட்டுப் போவோம்" என்றான். இதுவும் அவன் வழிதான். பாயில் ஓடும்போது கியரை நியூட்ரலில் விட்டால் தண்ணீரின் வேகத்திலேயே புரொப்பெல்லர் சுற்றும், கூடவே ஷாஃப்ட்டும் சுற்றும். அப்போதும் நடுக்கம் இருந்தால் குற்றம் ஷாஃப்ட் பக்கம். இல்லையென்றால் இன்ஜின் பக்கம்.

முதலாளியம்மா சுக்கானைப் பிடித்தார். நல்ல காற்று. இன்ஜின் நின்றது, படகு சாய்ந்துகொண்டு ஓடியது. நாங்கள் இருவரும் கீழே பலகையைத் திறந்துவைத்துக் குனிந்திருந்தோம். துளி நடுக்கம் இல்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வாயெல்லாம் பல்லாக அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, கப்ளிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சகலை, ஷாஃப்ட் சுத்தவே இல்லையே" என்றான்.

பாயில் போகிறவர்கள் பலருக்கும் உள்ள பழக்கம் அது. இன்ஜினை நிறுத்தியதும் ஷாஃப்ட் வீணாகச் சுற்ற வேண்டாம் என்று கியரை ரிவர்ஸில் தள்ளிப் பூட்டிவிடுவார்கள். முதலாளியம்மாவின் கை தானாக அதைச் செய்திருந்தது. நின்றுகிடக்கிற ஷாஃப்ட் எப்படி நடுங்கும்? அவன் மேலே பார்த்து, "அம்மா, நியூட்ரல்ல போடுங்க" என்றான்.

ஷாஃப்ட் சுற்ற ஆரம்பித்தது. அவன் ஒருக்களித்துப் படுத்து, உள்ளங்கையைப் பேரிங் பக்கத்துப் பலகையில் வைத்தான். காதையும் வைத்தான். நான் என் கடவுளையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டேன். அவன் எழுந்திருக்கவே இல்லை. ஒரு திருப்பம் திரும்பி, படகு மறுபக்கம் சாய்ந்தபோதும் அப்படியே கிடந்தான். பிறகு எழுந்து, முழங்கையைத் தட்டிவிட்டுக்கொண்டு மேலே போனான். நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஏறினேன்.

"அமைதியா இருக்கும்மா. சகலை சொன்னதுதான் சரி, மவுண்ட்தான். நான் தப்பாப் பார்த்துட்டேன்."

பேரிங்கும் தேய்ந்திருந்தது என்று இப்போது சொல்வான், இப்போது சொல்வான் என்று காத்திருந்தேன். அப்படிச் சொன்னால் பாதி அவனுக்கு, பாதி எனக்கு. பாதிப் பாதி என்றால் முதலாளியம்மா யாரை வைத்துக்கொள்வார் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் பாய்க் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டான்.

மறுநாள் நான்கு மவுண்ட்களையும் மாற்றினேன். இன்ஜினைத் தூக்கிப்பிடித்தது அவன். உயரம் மாறியதால் கப்ளிங்கை மறுபடி சரிபார்த்ததும் அவன். ஓட்டிப் பார்த்த முதலாளியம்மா, "ஷாஃப்ட் இருக்கிறதே தெரியலை" என்றார். மாற்றியது நான், பாராட்டு ஷாஃப்ட்டுக்கு. ஆனாலும் மேஸ்திரி நான்தான்.

அன்று வீட்டுக்குச் செருப்பு தரையில் பாவாமல் போனேன். மனைவி செய்தியைக் கேட்டுக் கண்கலங்கினாள். நானும் கொஞ்சம் கலங்கலாம் என்று நினைத்தபோது அவள் சொன்னாள்.

"எப்பேர்ப்பட்ட மனுஷன். தங்கச்சி காலையிலயே போன் பண்ணிட்டா. 'உன் அத்தானுக்கு வயசாயிடுச்சு, முட்டி வேற வலி, வெளியில போனா கஷ்டப்படுவாரு. நமக்கென்ன, எங்க போனாலும் வேலை கிடைக்கும்'னு அவர் முந்தாநாளே வீட்டில சொன்னாராம்."

முந்தாநாள் என்றால் பாய் ஏற்றிப் பார்ப்பதற்கு முதல் நாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜெயித்தது நான், அதற்கும் பேர் அவனுக்கா? மாமியார் வீட்டில் இனிமேல் விசிறியோடு இதுவும் சேரும். அவன் என்னை ஏமாற்றியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பாவம் பார்த்திருக்கிறான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் அவன் தன் பெட்டியில் சாமான்களைத் துடைத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான். சாக்பீஸ் துண்டைக்கூட ஒரு துணியில் சுற்றிவைத்தான். நேரே போய் நின்றேன்.

"அந்தப் பழைய பேரிங் எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன் சகலை. எதுக்கு?"

"அது தேஞ்சிருந்துச்சு. நான் பார்த்தேன்."

"இல்லையே, நல்லாத்தான் இருந்துச்சு" என்றான். நிமிரவில்லை. இந்தக் கடற்கரையில் தேய்ந்த பேரிங்கையும் தேயாத பேரிங்கையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்லக்கூடியவன் அவன் ஒருவன்தான். என் கை அந்தத் தொளதொளப்பை இன்னும் மறக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

பட்டறை வாசலிலிருந்து முதலாளியம்மா, "மேஸ்திரி" என்று கூப்பிட்டார். யாரையோ கூப்பிடுகிறார் என்று நான் அப்படியே நின்றேன்.

அவன் பெட்டியை மூடினான். "உங்களைத்தான் கூப்பிடறாங்க சகலை, போங்க" என்றான்.

போனேன்.