தோரா கப்பலைத் தொட்ட நாள்

வடகடல் தீவு ஒன்றில் ஸ்ட்ராம்னஸுக்கும் கிர்க்வாலுக்கும் இடையே பஸ் ஓட்டும் தோரா ஃபூபிஸ்டருக்கு ஐம்பது வயது வரை நீச்சல் தெரியாது. அவள் அப்பா நண்டுக்கூடை போட்ட மீனவர். "நீந்தத் தெரிஞ்சவன் கடல்ல மெதுவா சாவான், அவ்வளவுதான்" என்று சொல்லிப் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கவே இல்லை.

முதல் உலகப்போரை ஒட்டி மூழ்கி, ஸ்காப்பா வளைகுடாவின் அடியில் கிடக்கும் ஜெர்மன் போர்க்கப்பல்களை முக்குளித்துப் பார்க்க எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் அவள் பஸ்ஸில் ஏறி இறங்கினார்கள். நம் வாசலில் கிடப்பதை ஊரான் பார்த்துவிட்டுப் போகிறானே என்ற உறுத்தல், ஒருநாள் அவளை நீச்சல் குளத்துக்கு இழுத்துப் போனது.

புருஷன் எட்வின் விழுந்து விழுந்து சிரித்தான். "பஸ்ஸுக்காவது ஹாரன் இருக்கு. அடியில கடல்நாய் குறுக்க வந்தா என்னடி பண்ணுவ?"

"உன்னை மாதிரி ஒதுங்கிப் படுத்துக்கும், போ."

குளத்தில் சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து கைகாலை உதைத்துப் பழகினாள். பிறகு கரையோரத்தில், முதுகில் காற்றுக்கலன் கட்டி முக்குளிப்புப் பயிற்சி. மூன்றாம் வருடக் கோடையில் படகோட்டிப் பையன் எர்லண்டின் படகிலிருந்து, பயிற்சியாளர் ஃப்ரேயாவோடு கடலில் குதித்தாள்.

மிதவைக் கயிற்றைப் பிடித்து இறங்க இறங்கப் பச்சைத் தண்ணீர் கறுத்தது. இருட்டு என்று அவள் நினைத்தது, கிட்டே போனதும் இரும்பாயிற்று. ஒருக்களித்துக் கிடந்தது கப்பல்.

ஓரமாக நீந்துகையில் அவள் காலே சேற்றைக் கிளப்பிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. ஃப்ரேயாவையும் காணோம். அப்பாவின் சொல் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. மேலே பாய்ந்துவிடு என்று உடம்பு கெஞ்சியது. பாய்ந்தால் நுரையீரல் தாங்காது. கப்பலின்மேல் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டாள். மூச்சை இழுத்தாள், விட்டாள். மூடுபனியில் பஸ்ஸை நிறுத்திக் காத்திருப்பவள்தானே அவள்.

கலங்கல் மெல்ல விலகியது. கையெட்டும் தூரத்தில் ஃப்ரேயாவின் விளக்கு. அதற்கப்பால் பீரங்கி, குழல் முழுக்க வெள்ளைக் கடற்பூக்கள். சரியா என்று விரல்வளையம் காட்டிக் கேட்டாள் ஃப்ரேயா. தோராவும் வளையம் காட்டினாள். பீரங்கியைச் சுற்றி வந்த பிறகுதான் இருவரும் மெதுவாக மேலேறினார்கள்.

எர்லண்ட் கைகொடுத்துத் தூக்கினான். "எப்படி இருந்துச்சுக்கா?"

"நம்ம கப்பல்டா அது!"

அன்று மாலை மதுக்கடையில் எட்வின் வருவோர் போவோரையெல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தான். "எம் பொண்டாட்டி, அம்பது மீட்டர் அடியில, ஜெர்மன்காரன் பீரங்கியைச் சுத்திட்டு வந்திருக்கா!"

"முப்பத்திநாலுதான், எட்வின்."

"நீ சும்மா இரு. நான் சொன்னா அம்பதுதான்."