மழை வராத பக்கம்

என் சித்தப்பா வேலையையும் லயத்து வீட்டையும் இழந்தது நான் சொன்ன ஒரு பொய்யால். அதன் பிறகு என்னைக் கெட்டிக்காரன் என்று யார் புகழ்ந்தாலும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. புகழ்ந்தவர் மீதல்ல, வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த என் மீது.

இலங்கையில், மாத்தளைக்குப் பக்கம் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் இருந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியில் உலகக் காற்றுகளின் படம் மாட்டிப் பாடம் நடந்தது. வெயில் காலத்தில் ஆசியாவின் நிலம் கொதிக்க, தெற்கே கடல்மேல் கிடக்கும் காற்று அதை நோக்கி ஓடிவருகிறது. பூமி சுழல்வதால், அதன் நடுவே ஓடும் மத்தியகோட்டைத் தாண்டியதும் வலப்பக்கம் திரும்பி, தென்மேற்கிலிருந்து மழையோடு நம்மேல் வீசுகிறது. கடல் நீரோட்டத்தையும் கிழக்கே இழுத்துப் போகிறது. மார்கழியில் காற்றும் நீரோட்டமும் திசை மாறித் திரும்புகின்றன.

அன்று மாலையே லயத்துச் சுவரில் கரித்துண்டால் ஆப்பிரிக்காவை வரைந்து, அதன் கரையோரமாகக் காற்று வரும் வழிக்கு அம்புக்குறிகள் போட்டேன். கடலையே பார்த்திராத சித்தப்பா குந்தியிருந்து பார்த்தார். "வந்து பாருங்கய்யா, எங்க அண்ணே மகன் காத்துக்கே வழி சொல்றான்!" என்று பக்கத்து வீட்டாரையெல்லாம் கூப்பிட்டார்.

அந்த வருடம்தான் மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் காய்கறி போட அவருக்கு ஒரு துண்டு நிலம் கிடைத்திருந்தது. வெட்டிப்போட்ட மானாப்புல்லை எரிக்க வேண்டும். ஆனி மாதம், காற்று பலம்.

"தீ பரவிருமேடா, பொறுத்துச் செய்வோமா?" என்று என்னிடம் கேட்டார்.

"தென்மேல் காத்து சித்தப்பா. பின்னாலேயே மழை வந்து அணைச்சிரும். பொஸ்தகத்துல இருக்கு."

எங்கள் பக்கம் தூறிக்கொண்டுதான் இருந்தது. முகட்டைத் தாண்டினால் வானம் வெளுத்துக் கிடந்தது. அவர் தீ வைத்தார். அதே காற்று அங்கே அனலாக இறங்கியது. பொழுது சாய்வதற்குள் தோட்டத்து விறகுக்காடு கரிக்கட்டையாக நின்றது.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில், எல்லார் முன்னிலையிலும் தோட்டத்துத் துரை விசாரித்தார். மழை வருமென்று படிக்கிற பையன் சொன்னான் என்றார் சித்தப்பா. எல்லாரும் சிரித்தார்கள். துரை என் பக்கம் திரும்பினார்.

"நான் ஒண்ணுமே சொல்லலைங்க."

"அட நாசமாப் போறவனே!" என்று பாய்ந்த சித்தியை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். சித்தப்பாவின் வேலைச் சீட்டைக் கிழித்து, லயத்து வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். மாத்தளைக்குப் புறப்படும்முன் சித்தி சாணித் தண்ணீரால் என் ஆப்பிரிக்காவை மெழுகி அழித்தார்.

காற்று மலையேறும்போது குளிர்ந்து, ஈரத்தையெல்லாம் ஏறும் பக்கத்திலேயே கொட்டிவிடும். மறுபக்கம் இறங்கும்போது சூடேறி வறண்டுபோகும். பன்னிரண்டு வயதில் எனக்கு இது தெரியாது. பயிற்சிக் கல்லூரியில் தெரிந்துகொண்டேன். புவியியல் ஆசிரியனாகி, அதே முகட்டைக் கரும்பலகையில் வரைந்து, வெட்கமில்லாமல் வருடா வருடம் சொல்லிக்கொடுத்தேன்.

சித்தப்பாவும் சித்தியும் இப்போது இல்லை. இந்த ஆனியில் அவர்கள் மகளை, என் தங்கச்சியை, மாத்தளையில் தேடிப் போனேன். சித்தப்பாவின் பேரப்பிள்ளைகளையும் கூப்பிடச் சொல்லி, அவர்கள் முன்னால் சொன்னேன்: "அன்னைக்குப் பிரட்டுக்களத்துல ஒங்க தாத்தா சொன்னதுதான் உண்மை. பொய் சொன்னவன் நான்." மழை ஏன் வரவில்லை என்பதையும் விளக்கினேன்.

"எங்கப்பா பொய் சொல்ல மாட்டாருன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்றாள் தங்கச்சி. பிறகு, "மலைக்கு அந்தப் பக்கம் மழை வராதுங்கிறது ஒங்களுக்கு எப்ப தெரிஞ்சிச்சு?"

"இருபது வயசுல."

அவள் முகம் சிவந்தது. "நீங்க பொய் சொன்னதக்கூட அப்பா மறந்துட்டாருண்ணே. 'பய படிச்சவன், காத்தப் பத்தி சரியாத்தான் சொல்லியிருப்பான். நான்தான் என்னமோ பிழையா செஞ்சிட்டேன். மழை ஏன் வரல்ல?'ன்னு ஒவ்வொரு ஆனிக்கும் கேட்டுக்கிட்டே செத்தாரு. ஊரான் புள்ளைக்கெல்லாம் சொல்லிக் குடுத்தீங்களே. பஸ் ஏறி வந்து அவருகிட்ட ஒரு தடவ சொல்லக் கூடாதா?"

நான் குடிக்காத தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரவில்லை.