ஒற்று மிகும் இடம்

ஒரு தவறை அறுபது ஆஸ்பத்திரிகள் பத்தொன்பது வருஷம் நம்பியிருந்தால், அதற்குப் பிறகும் அதைத் தவறு என்று சொல்லலாமா? சற்குணத்திடம் கேட்டால், "தாராளமாச் சொல்லலாம். திருத்தத்தான் பிடாது, கேட்டியளா" என்பார். சொல்லிவிட்டு மறுபடியும் செல்போனுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வார். காலை ஏழே முக்காலுக்குக் கிழக்கேகோட்டையில் கழக்கூட்டம் பஸ் ஏறி, மூன்றாவது வரிசை ஜன்னலோரம் உட்கார்ந்ததும் தொழில்நுட்பச் செய்திகளைத் திறந்துவிடுவார். சிலர் நாளிதழில் முதலில் மரண அறிவிப்புப் பக்கத்தைப் பார்ப்பார்கள் அல்லவா, அந்த முகத்தோடு படிப்பார்.

"இன்னைக்கு ஆரு செத்தா சாரே?" என்று பின்வரிசையிலிருந்து ஆதிரா கேட்பாள். ஆரியசாலையில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் தமிழ்க் குடும்பத்துப் பெண்; இருபத்தாறு வயது; ஆபீசில் அவருக்கு அடுத்த மேஜை.

"ஜாவா. இருபத்தாறாவது வாட்டி. அடக்கம் எப்பன்னு போடல்ல."

எந்தக் கணினி மொழி செத்துவிட்டதாக எத்தனை முறை செய்தி வந்தது என்று செல்போனில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். அதில் முதலிடம் கோபோலுக்கு. அந்தப் பழைய மொழியை அவர் கோபால் என்றுதான் சொல்வார். வீட்டில் அடிக்கடி காதில் விழுந்ததால் அவர் மனைவி ராகேல் அதை ஓர் ஆள் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தார். "அந்தக் கோபாலுக்கு வீட்டுல ஆளில்லியா? எத்தன வாட்டிதான் சாவான்?" என்று ஒருநாள் கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. "அவனும் நானுந்தான் பாக்கி" என்றார் சற்குணம்.

நாற்பத்தேழு வயது. மெலிந்த உடம்பு, கட்டம்போட்ட சட்டை, பையில் ஒரு பேனா. எழுத எதுவும் இல்லாத ஆபீசுக்கு எதற்குப் பேனா என்றால், "ஆயுதம் இல்லாம யுத்தத்துக்குப் போவப்பிடாது" என்பார். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் இருப்பது இரண்டாயிரத்தாறாம் வருஷத்துப் படம், நெற்றிவரை முடி. யாராவது பழைய புரோகிராமில் ஒரு கோளாறைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தால் அட்டையைத் தூக்கிக் காட்டுவார். "எழுதினது இந்தப் பயலாக்கும். நான் இவனுக்கப் பொறுப்பில்ல."

ஆனால் ஒரு கோளாறுக்கு மட்டும் அட்டையைத் தூக்குவதில்லை.

அந்த வருஷம் அவர் ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு புரோகிராம் எழுதினார். நோயாளி வந்து பெயர் சொன்னால் ஒரு சீட்டு வரும், சீட்டில் எண், எண் பலகையில் தெரியும்போது உள்ளே போகலாம். சீட்டின் தலைப்பில் டோக்கன் என்று ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். டி, ஓ, கே, ஈ, என். சற்குணம் கே-க்கு முன்னால் ஒரு சி சேர்த்துவிட்டார். தலைப்பில் மட்டுமல்ல, உள்ளே எல்லா இடத்திலும் அப்படியே.

"எனக்கத் தப்பில்ல, தமிழுக்கத் தப்பாக்கும்" என்பது அவருடைய வாதம். பாறசாலைப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தவர். தமிழ் வாத்தியார் வேல்சாமி ஒற்று விட்டால் அரை மார்க் பிடுங்குகிறவர். "வல்லினம் மிகுமா மிகாதான்னு பயந்து பயந்து வளந்தவன். டோக்கன்ல ரெண்டு 'க' கேக்குதில்லியா? ஒண்ண விட்டா ஆரு மார்க்கு தருவா? அதான் இங்கிலீஷ்லயும் ஒரு ஒற்று போட்டு வச்சேன்." ஊரில் டாக்டர் வீட்டு வாசலில் தொங்கிய பலகையிலும் அந்த சி இருந்தது. ஆகவே சந்தேகம் வரவில்லை.

மூன்றாம் மாதம் பிழை தெரிந்தது. அதற்குள் ஒன்பது ஆஸ்பத்திரிகள். திருத்திவிடலாம் என்றார். ஓடுகிறது, தொடவேண்டாம் என்றார்கள். அப்புறம் லேப் கருவிகள் விற்பவர்கள், மருந்துக்கடைக்கு மென்பொருள் செய்பவர்கள் எல்லாரும் அந்தப் புரோகிராமோடு தங்கள் புரோகிராமைக் கோக்க வந்தார்கள். கோப்பதற்கு அவர்களும் அந்த சி-யை எழுத வேண்டியிருந்தது. எழுத்துப்பிழை என்பது ஒருவர் செய்தால்தான். அறுபது இடத்தில் செய்தால் அதற்கு விதிமுறை என்று பெயர். சற்குணம் ஏழு முறை அனுமதி கேட்டார். கம்பெனியின் பெயர் மூன்று முறை மாறியது. சி மாறவில்லை. இதற்கிடையில் அவர் சீனியர் ஆர்க்கிடெக்ட் ஆனார். "ஜன்னல் இல்லாத வீடு கெட்டினவனாக்கும். ஆனாலும் ஆர்க்கிடெக்ட்."

அவர் விசைப்பலகையில் சி எழுத்து அழிந்து வெறும் கறுப்பாக இருக்கிறது. ஆதிரா அதைக் காட்டிக் கேலி செய்தபோது, "அது டோக்கன் அடிச்சுத் தேஞ்சதில்ல மக்ளே, காப்பி அடிச்சுத் தேஞ்சது" என்றார்.

ராகேலுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லேப்பில் ரத்தம் எடுக்கும் வேலை. அங்கேயும் அந்தச் சீட்டுதான். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு நூத்திநாப்பது பேருக்கு உங்களுக்கத் தப்பக் கையில குடுத்தாச்சு" என்பார். ஒரு தடவை ஓய்வுபெற்ற ஆங்கில டீச்சர் ஒருவர், ரத்தம் கொடுக்கக் காத்திருந்த நேரத்தில், சீட்டில் அந்த சி-யைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். ராகேல் அதைக் கணவருக்குக் கொண்டுவந்தார். சற்குணம் அதைப் பர்ஸில் வைத்திருக்கிறார். ஆபீசில் வருஷாந்தர மதிப்பீடு வரும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பார். "இத்தன வருஷத்துல எனக்குக் கிட்டின ஒரே நேர்மையான அப்ரைசல்."

போன வருஷம் ஆபீசுக்கு ஏஐ வந்தது. மற்றவர்கள் அதை வேலைக்காரனைப்போல ஏவினார்கள். சற்குணம் மட்டும் ஒவ்வொரு வரியிலும் தயவுசெய்து என்று எழுதினார். "நாளைக்கு இவனாக்கும் மேனேஜர். மரியாதைய இப்பவே குடுத்துப் பழகணும்." தன்னுடைய பழைய புரோகிராமைக் காட்டி அபிப்பிராயம் கேட்டார். தெளிவாக, ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது என்று அது பதில் சொன்னது. அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளினார். "எனக்கப் புரோகிராம் நல்லாருக்குன்னு சொன்ன முதல் ஆளு. அதான் சந்தேகம். பொய் சொல்லுவான்."

சற்குணம் நல்ல புரோகிராமரா என்றால் தயக்கமாக இருக்கிறது. திறமைசாலி என்பது மிகை. கவனமானவர் என்பதும் பொருந்தாது. கவனமிருந்தால் அந்த சி வந்திருக்காது. தன்னுடைய பிழை எங்கெங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தவர், அவ்வளவுதான். இந்தத் தகுதியை எந்த விண்ணப்பத்திலும் எழுத இடமில்லை.

இந்த வருஷம் அந்தத் தகுதி திடீரென்று பெரிதாயிற்று. ஓர் ஆஸ்பத்திரிக் குழுமத்துக்கு லண்டனில் படித்த புது டைரக்டர் வந்தார். முதல் நாளே சீட்டைப் பார்த்துவிட்டு, இதைத் திருத்தாவிட்டால் வேறு கம்பெனி பார்ப்போம் என்று எழுதினார். பத்தொன்பது வருஷம் கிடைக்காத அனுமதி அரை மணியில் கிடைத்தது. மேனேஜர் கிரீஷ் ஏஐ-யிடம் வேலையைக் கொடுத்தார். ஆயிரத்து நூற்று நாற்பத்திமூன்று இடங்களில் சி இருப்பதாகக் கண்டுபிடித்து, வெளியிலிருந்து கோத்தவர்களின் பட்டியலும் தயாரித்து, எல்லாவற்றையும் திருத்த அதற்கு நான்கு நிமிஷம் ஆயிற்று. சோதனை எல்லாம் முடிந்து, மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை காலையில் மாற்றுவதாக ஏற்பாடு.

"பின்னே சாரினு ரெஸ்ட் எடுக்காம்" என்றார் கிரீஷ் மலையாளத்தில், அன்பாகத்தான். அப்புறம் நீங்கள் ஓய்வெடுக்கலாம் என்கிறார். ஓய்வு என்றால் பெஞ்சு. கைவசம் வேலை இல்லாதவர்களை வைக்கும் பட்டியலுக்கு அங்கே அந்தப் பெயர். நாற்பத்தைந்தைத் தாண்டி பெஞ்சுக்குப் போனவர்கள் மூன்றாம் மாதம் கேக் வெட்டி, குழுப்படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவதுதான் அந்தக் கட்டடத்தின் வழக்கம். சற்குணம் அப்படிப் பதினாலு கேக் சாப்பிட்டிருக்கிறார். "எனக்கு வெண்ணிலா வேண்டாம், சாக்லேட் சொல்லிருங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

ஆனால் ஏஐ-க்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும். இரண்டாயிரத்தேழில் பதினோரு ஆஸ்பத்திரிகளில் எண் காட்டும் பலகைகளை அவரே பஸ்ஸில் கொண்டுபோய், ஏணியில் ஏறி மாட்டினார். அவற்றுக்காக ஒரு குட்டிப் புரோகிராம் தனியாக எழுதி, பக்கத்துக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு வந்தார். எந்தப் பதிவிலும் அது இல்லை. அந்தப் பலகைகள் சி-யைத் தேடித்தான் எண்ணைக் காட்டும். சி போனால் இருண்டுவிடும்.

இதைத் தெரிந்த இன்னொருவர் கிருஷ்ணகுமார். கோட்டைக்குள் அக்ரஹாரத்திலிருந்து வருகிறவர். பதினைந்து வருஷமாகச் சற்குணத்தோடு மதியச் சாப்பாடு. தயிர்சாதத்தைப் பிசைந்தபடியே சொன்னார்: "நீ பொய் சொல்ல வேண்டாம்டா. யாராவது கேட்டாளா? கேக்கலை. சனிக்கிழமை காத்தால எட்டு மணிக்கு பதினோரு ஆஸ்பத்திரியும் கூப்பிடும். நீ பத்து நிமிஷம் கழிச்சு ஃபோனை எடு. அப்புறம் உன்னை எவன் பெஞ்சுல உக்கார வைப்பான்?"

"பத்து நிமிஷம் போதுமாடே? பல்லு தேச்சிட்டு எடுத்தா என்ன?"

"பல்லும் தேய், குளி, பலகாரமும் சாப்பிடு."

அன்று சாயங்காலம் ராகேலிடம் பேச்சுவாக்கில், பலகை ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். ராகேல் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். "என்னாவும்? போன மழைக்குக் கரண்டு போனப்ப கண்டேனே. நான் முந்தி நீ முந்தின்னு சண்ட போடுவினும். சுகர் டெஸ்டுக்குப் பட்டினியா வந்த வயசான ஒரு அப்பச்சன் நின்ன நெலையில விழுந்துட்டாரு. எதுக்குக் கேக்கிய?" சும்மா என்றார் சற்குணம்.

வியாழக்கிழமை கடைசிக் கூட்டம். கிரீஷ் திரையை மூடப்போகும் முன் வேறு ஏதாவது உண்டா என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்: "வேற எந்தெங்கிலும் உண்டோ சாரே?" கிருஷ்ணகுமார் தன் தண்ணீர்பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஒரு பேப்பர் வேணும்" என்றார் சற்குணம்.

அந்த மாடியில் வெள்ளைத்தாள் கிடைக்கவில்லை. யாருடைய பிறந்தநாளுக்கோ ஒட்டியிருந்த அறிவிப்பை ஆதிரா உரித்துக்கொண்டு வந்தாள். அவர் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நெய்யாற்றின்கரை, இரண்டாம் மாடி, எக்ஸ்ரே அறைக்கு வெளியே. நெடுமங்காடு, மருந்துக்கடைக்கு எதிர்ச்சுவர், கம்ப்யூட்டர் படிக்கட்டுக்கு அடியில். பதினொன்றையும் எங்கும் நிற்காமல் எழுதினார். எதை மாற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வரி.

சனிக்கிழமை எந்தப் பலகையும் இருளவில்லை. காலையில் அவர் இரண்டு தடவை செல்போனை எடுத்து, சத்தம் அணைந்திருக்கிறதா என்று பார்த்ததாக ராகேல் சொல்கிறார். பெஞ்சு விஷயம் இன்னும் முடிவாகவில்லை. கேக் பற்றிய பேச்சை அவர் நிறுத்தவில்லை. ஏன் சொன்னீர்கள் என்று ஆதிரா பஸ்ஸில் கேட்டாள். கிருஷ்ணகுமார் இரண்டு நாள் தனியாகச் சாப்பிட்டுவிட்டு மூன்றாம் நாள் கேட்டார். சற்குணம் இரண்டு தடவையும் செல்போனில் கோபாலின் பட்டியலைத் திறந்துகொண்டார்.

அந்த வியாழக்கிழமை, தாளைக் கிரீஷிடம் கொடுக்கும் முன் அதற்கு ஒரு தலைப்பு வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மேலே இடம் விட்டிருந்தார். டி, ஓ என்று எழுதியதும் பேனா நின்றது. பிறகு சி போட்டார். கே, ஈ, என்.

"சாரே, ஸ்பெல்லிங்" என்றாள் ஆதிரா, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்.

சற்குணம் பார்த்தார். பேனாவை மறுபடி அந்தச் சொல்லுக்குக் கொண்டுபோனார். சி-யை அடித்துவிடத்தான் போகிறார் என்று ஆதிரா நினைத்தாள். அவர் அடையாள அட்டையைக் கழற்றி, அதன் ஓரத்தை அளவுகோலாகத் தாளில் வைத்து, சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போட்டார். அது நேராக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தாளைக் கிரீஷ் பக்கம் தள்ளினார்.