குறையில்லை என்று நான் எழுதிய பாலம்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது எனக்கு நடந்தது. 1983, ஜூலை 16, சனிக்கிழமை.

அப்போது நான் தென்காசியில் கணக்கு வாத்தியார். பலவேசத்தின் சைக்கிள் கடையில் ஒரு நோட்டு தொங்கும். எங்கே பள்ளம், எந்தப் பாலம் உடைந்திருக்கிறது என்று சைக்கிளில் வருகிறவர்கள் அதில் எழுதுவார்கள். சனிக்கிழமைதோறும் நான் நேரில் போய்ப் பார்த்து, பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் மனுவாக அனுப்புவோம். இருட்டில் ஊர் திரும்புகிறவர்கள் அந்த நோட்டைப் படித்துவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார்கள். வாத்தியார் கையெழுத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஜூலை 2-ஆம் தேதி சேக் மைதீன் என்ற துணி வியாபாரி எழுதியிருந்தார்: "இலத்தூர் ரோடு, கால்வாய்ப் பாலம். இடது பக்கச் சுவர் விழுந்துவிட்டது."

அன்றைக்கு நல்ல சாரல். எனக்கு உடம்பு வணங்கவில்லை. போகாமலே எழுதினேன். "நேரில் பார்த்தேன். குறையில்லை. கணபதிசுப்பிரமணியன்."

அடுத்த சனிக்கிழமை அதன் கீழே ஒரு வரி. "பார்க்கவில்லை. நம்பிராஜன், இலத்தூர்."

சுருக்கென்றது. யாரிடமும் கேட்காமல் அந்த வரியை அடித்துவிட்டேன்.

16-ஆம் தேதி மறுபடியும் அதே கையெழுத்து. "நீ பார்க்கவில்லை."

நீயா? எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இவனை ஒரு கை பார்த்துவிடுவது என்று அப்போதே இலத்தூருக்குச் சைக்கிளை எடுத்தேன்.

மணி 6.50. மேகம் கவிந்து சீக்கிரமே இருட்டியிருந்தது. என் சைக்கிளில் விளக்கு இல்லை. பின்னால் ஒரு வெளிச்சம் வந்தது. டைனமோ சத்தம். கிர்ர்ர்...

பாலம் வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கினேன். பின்னால் வந்தவனும் காலை ஊன்றி நின்றான்.

வெளிச்சம் அணையவில்லை.

சக்கரம் நின்றால் டைனமோ விளக்கு அணைந்துவிடும். சைக்கிள் ஓட்டிய எவருக்கும் தெரியும். ஆனால் அது எரிந்தது... கிர்ர்ர்...

"யாரது?"

"நம்பிராஜன்."

"சுவர் எங்கே விழுந்திருக்கு?"

"இங்கன வாங்க."

வெளிச்சம் என்னைத் தாண்டிப் போனது. ஆள் தெரியவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன்.

"இன்னும் கொஞ்சம்..."

முன் சக்கரம் அந்தரத்தில் இறங்கியது. சைக்கிளை விட்டுவிட்டேன்.

தொப்.

கீழே தண்ணீர்.

காதோரம் ஈர மூச்சு.

"இப்பம் பாத்தாச்சா?"

முதுகில் ஒரு கை... தள்ளியது.

உடைந்த சுவரின் கல்லைக் கட்டிப் பிடித்தேன். எப்படி எழுந்தேன், எப்படி ஓடினேன், தெரியாது.

மறுநாள் காலை பலவேசம் என் கண் முன்னால்தான் கடைப் பூட்டைத் திறந்தான். நோட்டை எடுத்தேன். புதிதாக ஒரு வரி. எழுத்து ஈரத்தில் ஊறியிருந்தது.

"நேரில் பார்த்தார். மணி 7.25."

"யாருப்பா இந்த நம்பிராஜன்?"

பலவேசம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியாமத்தான் இருந்தேன் சார். அவன் செத்து ரெண்டு வாரமாச்சு. அந்தப் பாலத்துலதான், ராத்திரி ஏழரை இருக்கும். அன்னைக்கு அவன் சுத்து வழியாத்தான் போறதா இருந்தான். நீங்க எழுதினத சத்தமா வாசிச்சான். 'வாத்தியார் பாத்துட்டாரு, இனி என்ன பயம்'னு சிரிச்சுக்கிட்டே போனான் சார்."