‘வாழ்க’ போடும் சம்பந்தி

“பொண்ணாப் பொறந்துடுச்சேன்னு எனக்கு வருத்தமெல்லாம் ஒண்ணும் இல்ல சம்பந்தி!” என்றார் என் சம்பந்தி.

இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. நான் என்பாட்டுக்குப் பேத்தியின் குட்டிக் காலில் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் போட்ட சத்தத்தில் தூங்கிய குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டு அழுதது. மனிதர் பதறுவார் என்று பார்த்தால், தலையைச் சாய்த்துக் கேட்டு ரசிக்கிறார்.

“தொண்டையப் பாத்தீங்களா? என் தொண்டை. அப்படியே எறங்கியிருக்கு.”

பேத்தியின் மூக்கு எங்கள் வீட்டு மூக்கு. அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. தொண்டையை வேண்டுமானால் அவர் வைத்துக்கொள்ளட்டும்.

என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்திருக்கிறேன். பேத்தி பிறந்ததிலிருந்து நானும் அவர்கள் வீட்டில்தான். சந்தையில் அவருக்கு ‘மைக்கு’ என்று பெயர். மைக் வைத்துக்கொள்ளாமலே பேசுவதால் வந்த பெயர். விடிந்ததும் காய்கறி ஏலம் விடுவார். லாரியிலிருந்து இறங்கிய கூடைகளுக்கு நடுவே ஒரு சிமெண்டுத் திட்டு. அதன்மேல் ஏறி நிற்பார். ஒரு கை காதோரம் இருக்கும். இன்னொரு கையில் ஒரு தக்காளி. அழுகின பக்கம் உள்ளங்கைக்குள், சிவந்த பக்கம் ஜனங்களுக்கு. “தொட்டாலே வெக்கப்படுதுப்பா, பாத்துக் கேளுங்க!” ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம். மூணாவது தரத்தைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான். பெற்ற தாயே வந்து கேட்டாலும் கூடை திரும்பாது.

கூட்டம் இருக்கிற நாளில், சாயங்காலம் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு நகராட்சித் தலைவருக்கு ‘வாழ்க’ போடப் போய்விடுவார். இவர் “தலைவர்” என்று இழுக்க வேண்டும், கூட்டம் “வாழ்க” என்று முடிக்க வேண்டும். காலையில் தக்காளி, சாயங்காலம் தலைவர், அவ்வளவுதான் வித்தியாசம். இப்போதைய தலைவரின் அப்பாவுக்கும் இவர்தான் போட்டார். அப்போது மகனுக்குப் பெயர் ‘சின்னத் தலைவர்’. அப்பா போனார், ‘சின்ன’வும் கூடவே போய்விட்டது. பட்டம் வைத்ததும் எடுத்ததும் நம் சம்பந்திதான்.

“ஏன் சம்பந்தி, அந்த வீட்ட விட்டா ஊர்ல ஆளே கெடையாதா?” என்று ஒருநாள் கிண்டினேன்.

“நல்லாக் கேட்டீங்க! என் திட்டு எங்கப்பா எனக்குக் குடுத்தது. எனக்கப்புறம் உங்க மாப்பிள்ளைக்கு. அப்புறம் இதோ, மடியில கெடக்கற இந்தக் கழுதைக்கு. நான் எந்த வாயால அவங்களக் கேக்கறது?”

ஆனால் திட்டு அவர் சொத்து இல்லை, நகராட்சிச் சொத்து. வருஷா வருஷம் தலைவர் பார்த்து ‘இவனுக்கே இருக்கட்டும்’ என்று சொல்ல வேண்டும். இந்த வருஷம் இன்னும் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கும் அதில்தான் பிழைப்பு. திட்டு போனால் என் மகள் வீட்டில் அடுப்பு எரியாது.

தலைவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் மகள். எங்கே குழாய் உடைந்தாலும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நிற்பாள். சின்னவனிலிருந்து கிழவன்வரை எல்லோருக்கும் அவள் அக்கா. இளையவன் மகன். வெளிநாட்டில் படித்துவிட்டு இப்போதுதான் வந்திருக்கிறான். சந்தைக்கு வந்தவன், முட்டைக்கோஸைக் காட்டி, இது எந்த மரத்தில் காய்க்கும் என்று கேட்டதாகப் பேச்சு.

“சுத்தப் பொய்!” என்றார் சம்பந்தி. “காலிஃபிளவரத்தான் கேட்டாரு.”

தலைவருக்கு உடம்பு முடியவில்லை. அடுத்த தேர்தலில் யார் நிற்பது என்று சொல்ல, போன வாரம் கூட்டம் போட்டார். முதல்நாளே சம்பந்தியைக் கூப்பிட்டு, “தம்பிக்குப் போடு. ‘இளைய தலைவர்’னு போடு. சத்தம் கொறஞ்சா திட்டப் பத்தி நான் யோசிக்க வேண்டியிருக்கும்” என்றாராம்.

மைதானத்தில் சந்தையே உட்கார்ந்திருந்தது. மகன் மேடையேறிக் கையசைத்தான். சம்பந்தி மூச்சை இழுத்தார்.

“இளைய தலைவர்...!”

யாரோ இருமினார்கள்.

“எங்கள் இளைய தலைவர்...!”

இருமினவரும் நிறுத்திவிட்டார். சம்பந்தியின் கழுத்தில் வியர்வை ஓடியதை நானே பார்த்தேன். கூட்டம் சும்மா இருந்தால் ஏலக்காரனால் தாங்க முடியாது. கை தானாகக் காதோரம் போனது. வாய் தானாகத் திறந்தது.

“ஒருதரம்!”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, அவருக்கும்தான். ஆனால் பழகின வாய் நிற்குமா?

“ரெண்டுதரம்!”

“கூடையோடவா, கூடை இல்லாமயா?” என்று பின்னாலிருந்து கீரைக்காரம்மா கேட்டாள். மைதானம் குலுங்கிவிட்டது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒரு குரல்: “எங்களுக்கு அக்காவக் குடுங்க!” அதைத் தொட்டு இன்னொரு குரல். கடைசியில் எல்லாமே அக்கா, அக்கா, அக்கா.

சம்பந்தி அப்போதே இறங்கி ஓடியிருக்கலாம். தலைவர் முறைத்தார். அக்கா ஓரத்து நாற்காலியில் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். இவர் இரண்டு பேரையும் பார்த்தார். ஏலம் கேட்க ஆள் வந்த பிறகு மூணாவது தரத்தை அந்தரத்தில் விட ஏலக்காரனுக்கு மனசு வருமா?

“மூணுதரம்!”

தலைவர் எழுந்து, “ரெண்டு பேருமே என் புள்ளைங்கதான்” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அது முடிவா இல்லையா என்று ஊரில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்த சம்பந்தி சாப்பாட்டைத் தொடவில்லை.

“வாய் தவறிடுச்சு சம்பந்தி.”

“மொதல் ரெண்டு தவறிச்சு, சரி. மூணாவது?”

குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். அதன்பிறகு ஒரு வாரமாக அந்த வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள், அவரைத் தவிர.

இன்று காலை வாசலில் தலைவர் வீட்டுக் கார் வந்து நின்றது. டிரைவர் இறங்கி, “தலைவர் ஒடனே வரச் சொன்னாங்க” என்றான். மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. என் மகள் கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த சம்பந்தி, தலையை மட்டும் நீட்டி, மூன்று தெருவுக்குக் கேட்கிற குரலில் கேட்டார்:

“எந்தத் தலைவருப்பா? அப்பாவா, பொண்ணா? பொண்ணுன்னா இதோ, சட்டையப் போட்டுக்கிட்டு வந்துடறேன். அப்பான்னா, நான் ஊர்லயே இல்லன்னு சொல்லிடு!”