அவள் கேட்ட மேசை

நான் உடற்கூறியல் கற்பித்த மருத்துவக் கல்லூரியில், உடலை அறுத்துப் படிப்பதற்கான புதிய டிசெக்‌ஷன் ஹால் திறந்தபோது, ஓய்வு பெற்றிருந்த என்னையும் என் மனைவியையும் அழைத்திருந்தார்கள். எஃகு மேசைகளின் விளிம்பிலேயே, உடலைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் நெடியை இழுத்துக்கொள்ளும் துளைகள் இருந்தன. ஒரு மூலையில் ஆள் நீளத்துக்குத் தொடுதிரை மேசை, அதில் ஒரு மனித உடலின் படம். விரலால் தள்ளினால் தோல் விலகும், தசை விலகும்.

மனைவி தள்ளிப் பார்த்தாள். "தப்பா அறுத்துட்டா?"

"அழிச்சிட்டு மறுபடி அறுக்கலாம் ஆன்ட்டி," என்றாள் ஒரு மாணவி. "ஆனா நரம்பு கையில தட்டுப்படாது. அதுக்கு நெஜ உடம்புதான் வேணும்."

வீடு திரும்பும் வழியில் மனைவி சொன்னாள்: "நான் செத்தா என்னய அங்க குடுத்துடுங்க. நீங்கதான் நான் சொன்னத காதுல வாங்கல. அந்தப் பசங்களாவது குனிஞ்சி நின்னு கவனிக்கட்டும்."

எழுதியும் கொடுத்தாள். நானும் மகனும் கையெழுத்திட்டோம்.

ஆண்டுதோறும் புது மாணவர்களை உடலைச் சுற்றி நிறுத்தி, இவரே உங்கள் முதல் ஆசிரியர் என்று உறுதிமொழி சொல்ல வைத்தவன் நான். எத்தனையோ குடும்பங்களிடம் கொடையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். நம்பித்தான் பேசினேன்.

போன மழைக்காலத்தில் அவள் இறந்தாள். முதலியார்பேட்டை வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். இப்போது துறைத்தலைவராக இருக்கும் என் பழைய மாணவர் போனில் கேட்டார்: "வண்டி அனுப்பட்டுமா சார்?"

தொடையில் எந்த ரத்தக்குழாயைத் திறந்து மருந்து ஏற்றுவார்கள், முகத்தை எப்போது அறுக்கத் தொடங்குவார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவளை அந்த வரிசையில் நினைக்க முடியவில்லை.

"பையன் ஒத்துக்க மாட்டேங்கிறான்," என்றேன்.

மகன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். போனை வைத்ததும் கேட்டான்: "நான் எப்பப்பா வேணான்னேன்? அம்மா ஆசப்பட்டதுதான?"

நான் கண்ணாடிப் பெட்டியின் மேல் கிடந்த மாலையைச் சரிசெய்தேன். அவன் என்னைப் பார்த்துவிட்டு, தகனத்துக்கு ஏற்பாடு செய்ய வெளியே போனான். கொள்ளியும் அவனே வைத்தான்.

"நல்ல வேள, நீயாவது தடுத்த," என்று என் தங்கை அவன் முதுகைத் தடவினாள். அவன் மறுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. இன்றைக்கும் போனில் மாத்திரை போட்டேனா என்று கேட்கிறான், அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

கல்லூரியிலிருந்து நேற்று கூப்பிட்டார்கள். பெற்றோரின் உடல் கொடைக்குப் பிள்ளைகளை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று நான் பேச வேண்டுமாம். "பட்டவர் சொன்னா எடுபடும் சார்."

முட்டிவலி, வர முடியாது என்றேன். முட்டிவலி உண்மைதான்.