எங்கள் ஊர் கிராமம் இல்லையாம்

"நாலு பேரு நடுவுல இன்னும் கொஞ்சம் சோறு போடுன்னு கேக்கவே ஒனக்கு வாய் வராது. நீ போய் டயலாக்கு பேசப் போறியா?"

திண்டிவனம் பேருந்து நிலையத்தில், வழியனுப்ப வந்த பெரியப்பா கேட்டது. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான், கல்லூரியும் முடித்தேன். டீச்சர் வேலைக்குப் போகாமல் சினிமாவில் நடிக்கச் சென்னைக்குப் போவதை அவரால் தாங்க முடியவில்லை. இப்போது கல்யாண வீடுகளில், என்னை அனுப்பி வைத்ததே தான்தான் என்கிறார். சொல்லட்டும். அவருக்கும் ஒரு சாதனை வேண்டாமா?

முதல் நடிகர் தேர்வில் ஓர் உதவி இயக்குநர் கிராமத்துப் பெண்ணாகப் பேசிக் காட்டச் சொன்னார். இதற்கெல்லாமா நடிப்பு என்று நினைத்து, வீட்டில் பேசுவதைப் பேசினேன்: "மல்லாட்டை புடுங்க ஆளு வரலன்னு அம்மா கத்திக்கினு இருக்குது, நீ இன்னா இங்க குந்திக்கினு இருக்கிற?"

மல்லாட்டை என்றால் வேர்க்கடலை என்றுகூடத் தெரியாமல் அவர் முகம் சுளித்தார். "இது மெட்ராஸ் மாதிரி இருக்கு மேடம். எனக்கு வில்லேஜ் வேணும்."

கேப்பைக்கும் கம்புக்கும் வித்தியாசம் தெரியாத அந்த மனிதர் எனக்குக் கிராமம் சொல்லிக்கொடுத்தார். அது மதுரைக்குத் தெற்கே இருக்கிறதாம். அங்கே எல்லோரும் இழுத்து இழுத்துப் பேசிவிட்டு அரிவாளைத் தூக்குவார்களாம். எங்கள் விழுப்புரம் அவருக்கு, காரை நிறுத்தி டீ குடிக்கும் இடம்.

கேவலம் என்னவென்றால், நான் அவரை நம்பினேன். எனக்குத்தான் நடிப்பு வரவில்லை என்று முடிவு செய்து, ரயிலில் போனைப் பார்த்து மதுரைப் பேச்சை முணுமுணுத்தேன். அதுவும் வரவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வசனம். கிடைத்ததெல்லாம் குடம். கதாநாயகிகளின் பின்னால் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு வாயை மூடி நின்றேன்.

பிறகு ஒரு படத்துக்கு மதுரைப் பக்கம் அனுமதி கிடைக்கவில்லை. மேல்மலையனூர்ப் பக்கம் எடுக்க முடிவானது. அதே உதவி இயக்குநர் போன் செய்தார். "நீங்க அந்த ஏரியாதானே மேடம்? அந்த ஸ்லாங் வருமா?"

வரும் என்றேன். குடிகாரனின் மனைவி வேஷம். படம் வந்ததும் எல்லோரும் அவளைப் பற்றியே பேசினார்கள். என் திறமை ஒன்றும் திடீரென வளர்ந்துவிடவில்லை. படப்பிடிப்பு இடம் மாறியது, அவ்வளவுதான். இந்தப் பேச்சுக்கு எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று பேட்டிகளில் கேட்கிறார்கள். என் அம்மாவிடம் என்றால், அவர் எந்த நாடகக் குழு என்கிறார்கள்.

இப்போது என்னைத் தேடி வருவதெல்லாம் குடிகாரர்களின் மனைவிகள். போன வாரம் வந்த இயக்குநரிடம் முடியாது என்றேன். அவர் கதையில் ஒரு பெண் நீதிபதியும் வருகிறாள். அந்த வேஷத்தைக் கேட்டேன். அதற்கு வேறு மாதிரி முகம் வேண்டும் என்று இழுத்தார். நேற்று அவர் அலுவலகத்துக்குப் போய், நீதிபதியின் வசனம் முழுவதையும் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசிக் காட்டிவிட்டு வந்தேன்.